தொழில்நுட்ப வளாகக் காணொலிகளில் குரங்கின் இடம்: ஒரு முன்னோட்ட ஆய்வு

இத்துறையில் இதுவரை ஆய்வே நடந்ததில்லை. தேடிப் பார்த்துச் சொல்லவில்லை. தேடாமல் சொல்வதே நம் ஆய்வேட்டு மரபு.

ஆய்வெல்லை, சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் கைப்பேசியில் பிடித்து உலவவிட்ட காணொலிகள். ஆய்வுக்களம், வாலாஜாபாத். நடுவில் ஒரகடமும் தாம்பரமும் கிடக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். கீழடியைப் பற்றிப் பேச பாரிசுக்குப் போகிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை; பயணப்படியும் கொடுத்தனுப்புகிறார்கள்.

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு, கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில், 600 ஏக்கருக்கு மேல் விரிந்து எழுந்தது இந்நிறுவனம். ஜெர்மனி எந்திரங்களைக் கொடுத்தது. மற்றவை முன்பே அங்கே குடியிருந்தன.

இனி வகைப்பாடு.

மான்: புள்ளிமான், வெளிமான் என இருவகை. மேயும், நிமிரும், போய்விடும்.

விடுதி: நர்மதா, கோதாவரி, காவிரி என எல்லாம் ஆற்றுப் பெயர்கள். காவிரியில் இருப்பவன் சட்னி கேட்டு நர்மதாவுக்கு நடந்தே போகிறான். நதிநீர் இணைப்பு வல்லுநர்கள் கவனிக்க.

குரங்கு: இங்கே கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கிறது. இது தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக்குரங்கு. அறிவியல் பெயர் மக்காக்கா ரேடியேட்டா. உச்சந்தலை முடி வகிடெடுத்துக் குல்லாய்போலப் படிந்திருக்கும். வைவா நாளன்று வளாகத்தில் ஒழுங்காகத் தலைவாரியிருப்பது இது ஒன்றுதான் (விடுதிச் சுவர், இரண்டாம் மாடி, கரிக்கோட்டுப் பதிப்பு). ஜன்னல்வழி நுழைதல், பிஸ்கட் பாக்கெட்டைக் கைப்பற்றல், கைப்பிடிச் சுவரில் அமர்ந்து உரியவன் முன்னிலையிலேயே உண்ணல் என இதன் செயல் மூன்று கட்டங்கள் கொண்டது. இது களவு என்பது பழைய கட்சி. கன்னத்தில் பை இருப்பதால் இது வைப்புநிதி என்பது புதிய கட்சி (மெஸ் சாம்பார் வாளியின் உட்புறக் கல்வெட்டு, நான்காம் வரி, சாம்பார் வற்றிய நாளில் படியெடுத்தது). பாக்கெட்டைப் பிரிக்கத் தெரிந்த குரங்குக்கு ஏன் செய்முறை மதிப்பெண் இல்லை என்ற வினா இன்னும் விவாதத்தில் இருக்கிறது (மைத்துனர் மகனின் வாட்சாப் ஸ்டேட்டஸ், 24 மணிநேரப் பதிப்பு, மூலம் அழிந்தது, அதற்கு அவன் அத்தை செய்த உரை, குரல்பதிவு, இரண்டாம் நிமிடம், குக்கர் விசிலுக்குப் பின், அதை மறுத்துக் குடும்பக் குழுவில் வந்த ஒற்றைக் கட்டைவிரல், அனுப்பியவர் உடனே நீக்கிவிட்டார்).

வகுப்பறை: இக்காணொலிகளில் காணக் கிடைக்கவில்லை.

ஆனால் 2003இல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தைத் தொடங்கின. பாடங்களை முழுசாகப் படம்பிடித்து யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்தார்கள். அங்கே பேராசிரியரும் கரும்பலகையும் மட்டுமே, குரங்கு தலைகாட்டுவதில்லை. ஆக இரண்டு தொகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் வளாகம் முழுமை பெறும். நம் பக்கத்துப் பிள்ளைகள் அரியர் பரீட்சைக்கு முந்தின இரவில் அப்படித்தான் பார்க்கிறார்கள்: பாடத்தில் தொடங்கிக் குரங்கில் முடிக்கிறார்கள்.

ஒப்பீட்டுக்காக ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரக் கல்லூரிகளின் காணொலிகளும் பார்க்கப்பட்டன. ட்ரோன் எழும்பும், நுழைவாயில் வளைவு தெரியும், பஸ்கள் வரிசையாக நிற்கும். குரங்கும் இல்லை, மானும் இல்லை. சாலையில் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே கம்பெனியின் ஷிப்ட் பஸ் வருகிறது. பி.இ. என்பது நான்கு வருஷம் கழித்து முன்னதிலிருந்து இறங்கிப் பின்னதில் ஏறுவது என்று வரையறுக்கலாம். இதைக் காட்டும் காணொலியை எந்தக் கல்லூரியும் இதுவரை வெளியிடவில்லை.

எனவே இவ்வட்டாரத்தில் குரங்குக் காணொலி வைத்திருப்போர் அனுப்பி உதவ வேண்டுகிறேன். இணையாசிரியராகப் பெயர் சேர்க்கப்படும். சர்வதேச ஆய்விதழ் வழக்கப்படி கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிடவும். குரங்குக்கு மட்டும் விலக்கு உண்டு.