மந்தபுத்தி வாங்கிகளின் தீர்க்காயுள்: நேரக்குறி வானொலி பற்றிய சிற்றாராய்ச்சி

வானொலி வழியே நேரம் பெறும் கருவிகளுள் நெடுநாள் வாழ்பவை எவை? எவ்வளவு குறைவாகப் புரிந்துகொள்கிறதோ அவ்வளவு காலம் ஒரு வாங்கி பிழைத்துக் கிடக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு. தலையாய சான்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போர்ட் காலின்ஸிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டபிள்யூ.டபிள்யூ.வி.பி. நிலையம். விநாடி பிறக்கும்போதெல்லாம் அதன் அலை வலுக் குறையும். 0.2 விநாடி குறைந்தால் சுழி, 0.5 என்றால் ஒன்று, 0.8 என்றால் எல்லைக்குறி. ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்டால் மணியும் தேதியும் கைக்கு வந்துவிடும். மலிவான சுவர்க் கடிகாரத்துக்கு இதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஆய்வுக்கூடத்து வாங்கிகளோ இதை அற்பமெனத் தள்ளி, அலையின் ஏற்ற இறக்கம் எக்கணத்தில் எங்கே நிற்கிறது என்னும் கட்டத்தையே பற்றிக்கொண்டு, பிற கருவிகளின் அதிர்வெண்ணைச் சரிபார்த்துவந்தன. 2012 அக்டோபரில் நிலையத்தார் வலுக்குறைப்பில் கைவைக்காமல், கட்டத்தை மட்டும் 180 பாகை புரட்டிப் புரட்டி இன்னொரு செய்தியை ஏற்றினார்கள். குறி மங்கிய இடத்திலும் புது வாங்கிகள் நேரம் பெறட்டும் என்பது நோக்கம். சுவர்க் கடிகாரங்கள் வழக்கம்போல் ஓடின, மேதைகள்தாம் தடுமாறின.

ஒரு நிலையத்தை வைத்து விதி வகுப்பதா என்பார்க்கு, இங்கிலாந்தின் டிராய்ட்விச் விடை சொல்லும். அங்கிருந்து வந்த பிபிசி நெட்டலை, அலைவரிசைகள் 9-இன் மடங்காக இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இணங்க, 1988-இல் 200 கிலோஹெர்ட்ஸிலிருந்து 198-க்கு நகர்ந்தது. நாடகம் கேட்டுக்கொண்டிருந்தவர் குமிழை மயிரிழை திருகினால் போதும். 200 என்ற வட்ட எண்ணை அளவுகோலாக நம்பிக் கட்டிய கருவிகளுக்கு அந்த வாய்ப்பில்லை. கனடாவின் சி.எச்.யூ. நிலையத்தைக் காட்டி இன்னொரு மறுப்பு எழலாம். 2009-இல் அது 7335-லிருந்து 7850 கிலோஹெர்ட்ஸுக்கு மாறியபோது, 7335-ஐத் தவிர வேறொன்றும் அறியாத படிக வாங்கிகள் ஊமையாயினவே. அறியாமை அவற்றைக் காக்கவில்லையே? அது அறியாமையன்று, ஒற்றை எண்மீது கொண்ட அசையாத ஞானம். எந்த எண்மீதும் கருத்தே இல்லாத குமிழ் வானொலிதான் நம் கட்சி.

எல்லாவற்றுக்கும் மேலான ஆதாரம் எதிர்த்தரப்பிலிருந்தே கிடைக்கிறது. தடுமாறிய மேதைகளுக்கு மின்னணு ஆர்வலர்கள் கண்ட வைத்தியம், வரும் 60 கிலோஹெர்ட்ஸை முதலில் 120 ஆக்குவது. அலை இரட்டிக்கையில் 180 பாகைப் புரட்டல் 360 ஆகிறது. முழுச் சுற்றுச் சுற்றியவன் புறப்பட்ட திசையையே பார்த்து நிற்பான் அல்லவா, புரட்டிய சுவடே இராது. பிறகு இரண்டால் வகுத்து 60-க்குத் திரும்பலாம். ஆக, கட்டத்தின் நுட்பமெல்லாம் கற்ற வாங்கிக்கு அளித்த மருந்து, புதுச் செய்தியில் ஓர் எழுத்தும் காதில் விழாதபடி செய்யும் ஒரு மின்சுற்று. அதைப் பொருத்திக்கொண்ட மேதை, சுவர்க் கடிகாரத்தைப் போலவே ஒன்றும் நடவாத பாவனையில் வேலைக்குத் திரும்பியது.