பொம்மைக்கு நோகாது, டாக்குத்தர் தம்பி

பொம்மையின்ரை நெஞ்சைக் கீறிப் பழகிறதுக்கும் ஒரு படிப்போ எண்டு நக்கலாச் சிரிச்சீர், டாக்குத்தர் தம்பி. சிரியும், பல்லு வடிவாத்தான் இருக்கு. ஆனா பொம்மை வேண்டாமெண்டால் முதல் பிழையை ஆரிலை விடப்போறீர்? நிலாவெளி றோட்டிலை மோட்டச்சைக்கிளோடை விழுந்து வாற என்ரை பேரனிலையோ? அவன்ரை கொப்பன் கடலுக்குப் போறவன், வீட்டிலை மீன் குத்திற மண்டா கிடக்கு. யோசிச்சுச் செய்யும்.

1976 மாசியிலை, அமெரிக்காவின்ரை நெப்ராஸ்காவிலை, ஒரு சின்ன விமானம் வயலுக்கை விழுந்தது. ஓட்டினவர் ஜேம்ஸ் ஸ்டைனர், எலும்பு டாக்குத்தர். மனிசி அவ்விடத்திலையே செத்துப்போனா, பிள்ளையளுக்குப் பலத்த காயம். கொண்டுபோன ஊர் ஆஸ்பத்திரியிலை பாத்த வைத்தியத்தைவிட, வயலுக்கை வெறுங்கையோடை தான் பாத்ததே மேல் எண்டு மனுசனுக்கு வயிறு எரிஞ்சுது. அந்த எரிச்சலிலை, பலத்த காயக்காரரைக் காப்பாத்த டாக்குத்தர்மாருக்குப் பழக்கவெண்டு 1978இலை தொடங்கின வகுப்புத்தான் நீர் சிரிச்ச ஏ.டி.எல்.எஸ். முதல்லை ஆடு, நாயளை மயக்கி வைச்சுத்தான் வெட்டிப் பழகினவை. 2001இலை ட்ரோமாமேன் எண்ட பொம்மையை அமெரிக்கச் சத்திரசிகிச்சைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. ஆடு கும்பிட்டிருக்கும்.

அந்தப் பொம்மையை லேசா நினையாதையும். தோலுக்குக் கீழை விலா எலும்பு தட்டுப்படும். நெஞ்சுக்குக் குழாய் போடேக்கை கத்தி எலும்பின்ரை மேல் ஓரத்தோடை போகோணும். கீழ் ஓரத்திலை ரத்தக் குழாயும் நரம்பும் ஒளிச்சிருக்கும். கீறிப்போட்டு விரலை உள்ளை விட்டு, நுரையீரல் ஒட்டியிருக்கோ எண்டு தடவிப் பாக்கோணும். பிழைச்சால் தோலை மாத்திப்போட்டுத் திரும்ப வெட்டலாம். எனக்கு மாத்துத்தோல் எந்தக் கடையிலை விக்குது?

வெள்ளைக்காரன்ரை புதினம் எண்டு தள்ளிப்போடவும் ஏலாது. எங்கடை பக்கத்துப் பழைய வைத்தியர் சுசுருதர் எத்தினையோ நூறு வருசத்துக்கு முன்னமே சுரைக்காயிலையும் வத்தகப்பழத்திலையும் வெட்டப் பழக்கினவர். தாமரைத் தண்டிலை நாளம் குத்த, மொத்தத் துணியிலை தையல் போட, ஆள் மாதிரிப் பொம்மையிலை கட்டுக் கட்ட. வெட்டின வத்தகப்பழத்தைச் சீடப்பிள்ளையள் தின்னாமலோ விட்டிருப்பினம்! உம்மடை பொம்மையிலை அந்த வசதி இல்லை, அது குறைதான்.

இன்னொரு குறையும் இருக்கு. பொம்மை கத்தாது. பொம்மைக்குச் சொந்தக்காரர் இல்லை. உப்புவெளியிலை ஒருத்தன் விழுந்தால் 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிட முன்னம் நாலு பேர் கைகால்லை பிடிச்சு மூட்டையாத் தூக்கி ஓட்டோக்குள்ளை மடிச்சு வைச்சிடுவினம். கழுத்தெலும்பு தப்பியிருந்தாலும் எங்கடை அன்பிலை அது முறியும். அதாலை ஆஸ்பத்திரிப் பொம்மையை ஒருநாள் ஓட்டோத் தரிப்பிடத்துக்குக் கொண்டுவாரும். கழுத்தை அசையாமல் பிடிக்கிறது எப்பிடி, பாயிற ரத்தத்தை அமத்திப் பிடிக்கிறது எப்பிடியெண்டு பொடியளுக்குக் காட்டும்.

பிறகு உமக்கும் ஒரு சோதனை வைப்பம். பொம்மையைச் சுத்தி எங்கடை சனத்தை நிப்பாட்டுறன். ஒரு மாமி சோடா தெளிப்பா, ஒருத்தன் போனிலை வீடியோ எடுப்பான், இன்னொருத்தன் "டொக்டர், வேப்பெண்ணெய் பூசினால் என்ன?" எண்டு உம்மடை காதுக்கை கேப்பான். அதுக்குள்ளை நிண்டு கை நடுங்காமல் குழாயைப் போட்டுக் காட்டும். சேர்ட்டிபிக்கேட்டை நானே எழுதித் தாறன், முத்திரைக் காசு மட்டும் உம்மடை.