வளைந்த பாலமும் மடித்த பிஸ்கட்டும்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இருக்கும் ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்துக்கு வருகிறவர்கள் அமைதியைத் தேடி வருவதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கண்கள் தேடுவது பாலத்தை. அரைவட்டமாக வளைந்து நிற்கும் மரப்பாலம் அது. தண்ணீரில் தெரியும் பிம்பத்தோடு சேர்த்துப் பார்த்தால் முழு வட்டம். அந்த அழகைக் காணச் சற்றுத் தள்ளி, கரையில் நிற்க வேண்டும். யார் நிற்கிறார்கள்? எல்லோரும் ஏறுகிறார்கள்.

ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை. படி என்று பெயருக்குத்தான். ஏணியை வளைத்துக் குளத்தின் மேல் கவிழ்த்த மாதிரி குறுக்குக் கட்டைகள். காலை வைத்து, கையால் பிடித்து, மூச்சு வாங்கித்தான் உச்சிக்குப் போக முடியும். மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர் ஒருவர் ஏறிவிட்டார். இறங்கும்போதுதான் யோசனை வந்தது. "ஏங்க, திரும்பி நின்னு பின்பக்கமா இறங்குங்க" என்று கீழிருந்து மனைவி. "அது இருக்கட்டும், போட்டோ எடுத்தியா இல்லையா?" என்று மேலிருந்து அவர். அவருக்குப் பின்னால் பல நாட்டு மக்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். தோட்டம் போதிக்க நினைத்த பொறுமை எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

ஷின்ஷிச்சி நகதானி என்ற தச்சர் 1894 பொருட்காட்சிக்காகச் செய்த பாலம் இது. தோட்டமே அந்தப் பொருட்காட்சியின் மிச்சம்தான். குளிர்காலத்திலும் கலிஃபோர்னியாவில் வெயில் அடிக்கும் என்று ஊருக்குக் காட்ட நடத்திய விழாவில் 'ஜப்பானியக் கிராமம்' ஒன்றை அமைத்தவர் ஜார்ஜ் டர்னர் மார்ஷ். இவர் ஜப்பானியர் அல்ல, ஆஸ்திரேலியர். ஜப்பானியக் கலைப்பொருள் வியாபாரி. விழா முடிந்ததும் மகோட்டோ ஹகிவாரா பொறுப்பேற்று, அதை நிரந்தரத் தோட்டமாக வளர்த்தார். அந்தப் பொருட்காட்சிக் கிராமம் இன்று ஏறத்தாழ ஐந்து ஏக்கரில் குளமும் கல்விளக்குமாக நிற்பதற்கு அவர்தான் காரணம். நடுவில் ஒருமுறை அவருக்கும் பூங்கா நிர்வாகத்துக்கும் ஒத்துவரவில்லை. வெளியேறியவர் பக்கத்துச் சாலையிலேயே சொந்தமாக ஒரு தேநீர்த் தோட்டம் போட்டார். 1907இல் நிர்வாகம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் பத்தடி வெண்கலப் புத்தர் வந்த கதையும் வியாபாரி மார்ஷின் கதை ரகம்தான். 1790இல் ஜப்பானில் வார்த்த சிலை. 1949இல் தோட்டத்துக்குக் கொடுத்தது கோயிலோ மடமோ அல்ல. கம்ப் என்ற வியாபாரக் குடும்பம். வெயிலிலும் மழையிலும் கூரையின்றி அமர்ந்திருப்பவர் என்பது அவர் பெயருக்குப் பொருள். செல்ஃபிக்கும் கூரையில்லாமல்தான் அமர்ந்திருக்கிறார்.

தேநீர்க்கூடத்தில் டீயோடு மடித்த பிஸ்கட் ஒன்று கிடைக்கும். உடைத்தால் உள்ளே ஒரு சீட்டு, அதில் ஒரு நல்வாக்கு. அமெரிக்காவின் சீன உணவகங்களில் பில்லோடு வரும் அதே பிஸ்கட்! சீனாவில் கேட்டால் விழிப்பார்கள். அமெரிக்காவில் இதை முதலில் பரிமாறியவர் ஹகிவாரா என்பது சான் பிரான்சிஸ்கோவின் கட்சி. டேவிட் ஜங் என்பவர் எங்கள் ஊரில் செய்தார் என்பது லாஸ் ஏஞ்சலிஸின் கட்சி. 1983இல் சான் பிரான்சிஸ்கோவில் விளையாட்டாக நடத்திய ஒரு 'வரலாற்று நீதிமன்றம்' இதை விசாரித்தது. சாட்சியமாக வந்த பிஸ்கட்டை உடைத்தால், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் சாயும் நீதிபதிக்குப் புத்தி போதாது என்று சீட்டில் எழுதியிருந்தது. தீர்ப்பு எந்த ஊருக்குப் போயிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? இந்த வழக்கெல்லாம் தெரியாமல், கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி கோயிலருகே இன்றும் இதன் மூத்த அண்ணனைச் சுட்டு விற்கிறார்கள்: அளவில் பெரியது, எள்ளும் மிசோவும் சேர்ந்தது, சீட்டு உள்ளே ஒளியாமல் வெளி மடிப்பில் செருகியிருக்கும்.

பிஸ்கட் எப்படிச் சீனாக்காரர் கைக்குப் போனது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. அது சிரிக்கும்படி இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவர்கள் நடத்திய கடைகளும் மூடப்பட்டன; பிஸ்கட் சுடும் வேலை சீனாக்காரர் கைக்கு வந்தது. ஹகிவாரா 1925இலேயே காலமாகிவிட்டார். தோட்டத்திலேயே குடியிருந்த அவருடைய குடும்பத்தை 1942இல் வெளியேற்றினார்கள். பிறகு அவர்களுடைய வீட்டை இடித்தார்கள். பெயர்ப்பலகையிலிருந்து 'ஜப்பானிய' போய், 'கிழக்கத்திய' வந்தது. எதிரியின் பெயர் கூடாது, ஆனால் எதிரியின் குளம், பாலம், மரம் எல்லாம் இருக்கலாம்! பழைய பெயர் திரும்ப 1952 ஆனது. மறு ஆண்டு ஜப்பானியக் குழந்தைகள் சில்லறை சேர்த்து, நான்கு டன் எடையுள்ள சமாதான விளக்கொன்றை அனுப்பிவைத்தார்கள்.

குடும்பம் மட்டும் திரும்பக் குடியேறவில்லை. அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் இப்போது பள்ளத்தோட்டம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் பாலத்துக்குப் போய்விடுகிறார்கள். தோட்டத்தை ஒட்டிய சாலைக்கு நகரம் பின்னாளில் ஹகிவாராவின் பெயரை வைத்தது. பாலத்திலிருந்து ஒருவழியாக இறங்கிவிட்ட பெரியவரை ஏற்றிக்கொள்ள, வண்டி நிறுத்த இடம் தேடி மகன் சுற்றிச் சுற்றி வருவது அந்தச் சாலையில்தான்.