எண்ணெய் குடித்தால்தான் ஆரோக்கியம்

ஸ்கார்பரோ, கனடா
பிப்ரவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே இன்றைக்கு மைனஸ் 18 டிகிரி. வெளியே போய்விட்டு வந்தால் காது இரண்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கார் படத்தைப் பார்த்துவிட்டு, "ஷோக்காத்தான் இருக்குது மாப்ளே, பின்னால உட்கார்றவன் எப்படி ஏறுவான்?" என்று கேட்டிருந்தீர்கள். பின்கதவு இருக்கிறது மாமா. படத்தில் தெரியாது, ஏனென்றால் வெளியே கைப்பிடி இல்லை. முன்கதவைத் திறந்த பிறகுதான் பின்கதவு திறக்கும், அதுவும் எதிர்ப்பக்கமாக. அம்மா இங்கே வந்திருந்தபோது கோயிலுக்குப் போனோம். உங்கள் மகள் முன்சீட்டிலிருந்து இறங்கி, கதவைச் சாத்திவிட்டுச் செருப்புக் கழற்றப் போய்விட்டாள். உங்கள் அக்கா பின்சீட்டில் மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

வண்டி மஸ்தா ஆர்எக்ஸ்-8, 2005 மாடல். இவ்வளவு அழகான வண்டி பழைய கார்ச் சந்தையில் இத்தனை மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது.

நாமக்கல்லில் காலமெல்லாம் லாரி இன்ஜின் பிரித்த கை உங்களுடையது. இந்த பானெட்டைத் திறந்தால் உங்கள் கை தேடுகிற எதுவும் கிடைக்காது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கனெக்டிங் ராடு இல்லை, கேம் ஷாஃப்டும் இல்லை. இடுப்பு ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள், பக்கம் உப்பிய சமோசா மாதிரி ஒரு இரும்பு முக்கோணம் சுற்றுகிறது. அப்படி இரண்டு. முக்கோணத்தின் மூலைகளில் மெல்லிய பட்டைகள். அபெக்ஸ் சீல் என்று பேர். நம் பிஸ்டன் ரிங் செய்கிற வேலையை அவை செய்கின்றன. மொத்தமே 1.3 லிட்டர் இன்ஜின்தான். ஆனால் 9000 ஆர்.பி.எம். வரை முனகாமல் ஏறும்.

இந்த ரோட்டரி இன்ஜினைக் கண்டுபிடித்தவர் ஃபெலிக்ஸ் வாங்கல் என்ற ஜெர்மன்காரர். கண்பார்வை சரியில்லாததால் அவருக்கு டிரைவிங் லைசென்ஸே கிடையாது. முதல் இன்ஜின் ஓடியது 1957-ல். ஹிரோஷிமாவின் மஸ்தா கம்பெனி உரிமம் வாங்கிப்போய் ஓட்டிப் பார்த்தால், அறையின் உள்சுவரெல்லாம் வரிவரியாகக் கீறல். பிசாசின் நகக்குறி என்றே பேர் வைத்துவிட்டார்கள். கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினியர்கள் அந்தப் பிசாசோடு மல்லுக்கட்டி, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரை இறக்கினார்கள். 1991-ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தையும் இதே வகை இன்ஜின் ஜெயித்தது. இருபத்துநாலு மணி நேரப் பந்தயம் மாமா! அவ்வளவு நேரம் விரட்டினாலும் தாங்கும். குளிரில் இரண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்தினால்தான் படுத்துவிடும்.

உங்கள் பட்டறையில் நான் கற்ற முதல் பாடம், ஆயில் குறைந்தால் ரிங் போச்சு என்பது. இந்த வண்டியில் ஆயில் குறையாவிட்டால்தான் பயப்பட வேண்டும். மூலைப் பட்டைகளுக்கு மசகு வேண்டுமென்று, ஒரு சின்ன பம்பு சம்பிலிருந்து ஆயிலை எடுத்து எரியறைக்குள்ளேயே சொட்டுச் சொட்டாக விடுகிறது. அது பெட்ரோலோடு எரிந்து போகிறது. கம்பெனிக்காரன் செய்த ஏற்பாடே அதுதான். இரண்டு தடவை டேங்க் நிரப்பினால் ஒரு தடவையாவது டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, குறைந்ததை ஊற்ற வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் என்னிடம் ஆயில் கேன் இருக்கிறது.

இரண்டாவது பாடம், இன்ஜினை வீணாக ரைஸ் பண்ணாதே என்பது. இங்கே பண்ணித்தான் ஆக வேண்டும். மெதுவாகவே ஓட்டினால் உள்ளே கரி படியும். பட்டைகள் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சூடேறிய பிறகு அவ்வப்போது சிவப்புக் கோடு வரை விரட்ட வேண்டும். 401 நெடுஞ்சாலையில் ஏறும்போது இரண்டாவது கியரிலேயே வேகம் நூறை நெருங்கிவிடும். வண்டியே 'பீப்' என்று கத்தி கியரை மாற்றச் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உங்கள் மகளும் கத்துவாள். இன்ஜினின் ஆரோக்கியத்துக்காகத்தான் என்று சொன்னால் நம்புவதில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

இனி, போன மாதம் அகாலத்தில் உங்களை எழுப்பிய கதை. அன்றைக்கு அவசரத்தில் விவரம் சொல்ல முடியவில்லை.

ராத்திரியெல்லாம் பனி கொட்டியிருந்தது. வாசலில் பனி தள்ளுவதற்காக, உங்கள் மகள் காரை எடுத்துத் தெருவோரம் விட்டு நிறுத்தினாள். இருபதடி தூரம். அவளைக் குறை சொல்லவில்லை மாமா, உலகத்தில் வேறு எந்தக் காரானாலும் அது சரியான காரியம். இந்த இன்ஜின் குளிரில் கிளம்பும்போது பெட்ரோலை அள்ளிக் குடிக்கும். சூடேறுவதற்குள் நிறுத்தினால், எரியாத பெட்ரோல் உள்ளே தங்கி, பட்டைகளின் மேலிருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெய் போனால் கம்ப்ரஷன் போச்சு. பனியைத் தள்ளி முடித்து அவள் செல்ப் அடித்தால், இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. நம் ஊர் பாஷையில் ஓவராகிவிட்டது.

பட்டறைக்கு இழுத்துப் போகலாம்தான். இங்கே மணிக்கூலியே நூறு டாலருக்கு மேல். ஒரு பட்டறையில் "ரோட்டரியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு செல்ப் அடித்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வெறும் காற்று போய் உள்ளே உலரும். மிதித்தேன், அடித்தேன். பேட்டரிதான் படுத்தது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் தன் கொரோலாவைக் கொண்டுவந்து கேபிள் போட்டுக் கொடுத்தார். போட்டுவிட்டு, "தம்பி, பெற்றோலும் குடிச்சு எண்ணெயும் குடிக்கிற வாகனத்தை வச்சுக்கொண்டு ஏன் அந்தரிக்கிறீர்? வித்துப்போட்டு ஒரு கொறோலா எடுமன்" என்றார். மனுஷன் சொன்னது நியாயம்தான். ஆனால் குளிரில் வரும் நியாயம் காதில் ஏறாது.

அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டேன். "செல்ப் அடி, கேக்கறேன்" என்றீர்கள். போனை பானெட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். நீங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை; லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "தாளம் சமமாத்தான் வருது மாப்ளே, ஆனா அடியில பலமில்லை. உள்ளே காஞ்சு கெடக்குது. பிளக்கைக் கழட்டிக் கொஞ்சம் எண்ணெய் விடு" என்றீர்கள். மாமா, இந்த வண்டிக்காரர்கள் கம்ப்ரஷன் மீட்டரை எப்படி வைத்துப் பார்க்கிறார்கள் தெரியுமா? முக்கோணத்துக்கு முகம் மூன்று. சாதாரண மீட்டர் அதில் பெரிய அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மீட்டருக்குள் இருக்கும் சின்ன வால்வை எடுத்துவிட்டு, முள் மூன்று முறை ஒரே உயரத்துக்குத் துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். துள்ளல் குறைந்தால் ஏதோ ஒரு சீல் போச்சு. ரோட்டரி இன்ஜினைக் கண்ணாலேயே பார்க்காத நீங்கள், எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அதைக் காதிலேயே பார்த்துவிட்டீர்கள்.

பிளக் நான்கு. மேலிருந்து எட்டாது, முன்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றி, அந்தப் பொந்து வழியாகத்தான் கையை விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துத்தான் செய்தேன், கவலைப்படாதீர்கள். இங்கே சாலையில் உப்புப் போடுவதால் நட்டெல்லாம் துருவேறிக் கல்லாகியிருக்கும். டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டு, ஸ்பானரில் இரும்புக் குழாய் செருகி மிதித்தேன். அந்த வித்தையும் உங்கள் பட்டறையில் கற்றதுதான். பிளக்கில் மேல் வரிசை ஒரு ரகம், கீழ் வரிசை வேறு ரகம். மாற்றி மாட்டக் கூடாது. கழற்றியவுடன் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதி வைத்தேன். நான்கிலும் பெட்ரோல் சொட்டியது.

பெட்ரோல் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, ஓட்டை வழியாக இன்ஜின் ஆயிலைச் சொட்டு விட்டு, வெறுமனே சுற்றவிட்டேன். பிறகு பிளக்கைத் துடைத்து மாட்டி, ஃப்யூஸைப் போட்டு, அடித்தேன். பிடித்துக்கொண்டது! கூடவே சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை; தெருவில் பாதி மறைந்துவிட்டது. எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், என் மாமனார் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது.

இப்போது வேறொரு வியாதி. ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடிக்கிறது, டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. நிலையாக எரிந்தால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகுகிற சின்ன கருவி பி0301 என்று காட்டியது. முதல் ரோட்டரில், அதாவது முதல் முக்கோணத்தில், மிஸ்ஸிங். இந்த வண்டியில் பிளக்குக்கு ஒன்றாக நான்கு இக்னிஷன் காயில். சீக்கிரம் சாகும் சாமான் அதுதான். அதை மாற்றாமல் ஓட்டினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகை சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கி உருக்கிவிடும். காயில் மலிவு, கன்வெர்ட்டர் விலை கேட்டால் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும். அதனால் நான்கு காயிலுக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன், வண்டி வாசலில் நிற்கிறது.

அம்மா கேட்டால் கார் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொல்லுங்கள். எண்ணெய் குடிக்கிறது என்று சொன்னால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அன்பு மாப்பிள்ளை

பி.கு.: வருகிற ஞாயிற்றுக்கிழமை காயில் மாற்றுகிறேன். உங்கள் ஊர் நேரம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் வரும். டி.வி. சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள் அத்தையிடம்.