ஐந்து நாள் அயல்நாடு

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் கல்விப் பரிமாற்றத் திட்டம் 2021-இல் தொடங்கிய புதுச் சுற்றில் ஒரு புதுப் பண்டம் போட்டது: கலப்புத் தீவிரப் படிப்பு. கொஞ்சம் இணையத்தில், கொஞ்சம் நேரில். நேரில் என்றால் குறைந்தது 5 நாள், கூடிப்போனால் 30. இணையப் பகுதி கட்டாயம். எத்தனை மணி நேரம் என்று மட்டும் விதி வாய் திறக்காது.

குறைந்தது 3 நாடுகளின் 3 உயர்கல்வி நிறுவனங்கள் கூட வேண்டும். கூத்தே இங்குதான். லிஸ்பனில் மணி ஒன்பது என்றால் வார்சாவில் பத்து, ஹெல்சிங்கியில் பதினொன்று. “நான் பேசுவது கேட்கிறதா?” என்பதிலேயே முதல் இணையக் கூட்டம் முடியும்.

மாணவர் எண்ணிக்கை முதலில் குறைந்தது 15; பிறகு 10 ஆக்கினார்கள். பந்திக்கு ஆள் சேரவில்லை போலும்.

மாணவருக்குக் கிடைப்பது குறைந்தது 3 கல்விப் புள்ளி (கிரெடிட்). ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. வரவேற்பு விருந்து, நகர் உலா, குழுப்படம் எல்லாம் போக மிச்சத்தை யார் சுமப்பது? விதி வாய் திறக்காத அந்த இணையப் பகுதிதான்.

திரையில் கறுப்புக் கட்டமாகவே இருந்தவர் திங்கள் காலை மூக்கும் முழியுமாக வந்து நிற்பார். பெயர் வாயில் நுழைவதற்குள் வெள்ளி வந்துவிடும், சான்றிதழோடு.