நிலவுக்குப் பட்டா உண்டா?

ஈப்போ வாசகர்: வைகாசி விசாகம் யாருக்குச் சொந்தம்? முருகனுக்கா, புத்தருக்கா?

கல்லுமலையைச் சார்ந்து முருகப்பெருமானும், பேராக் தோங், சாம் போ தோங் முதலிய சுண்ணாம்புக் குகைகளுக்குள் புத்தபிரானும் பல்லாண்டுகளாகத் தங்கள் ஈப்போ எனும் ஒரே ஊரில் வாசம் செய்தும் எல்லைத் தகராறென்று ஒரு மனுவும் எழாதிருக்க, ஆகாயத்து விசாகப் பௌர்ணமி நிலவுக்கு மட்டும் தாங்கள் பட்டா கேட்பது நியாயமா? சாம் போ தோங் குளத்து ஆமைகளைப் பாருங்கள். கங்கோங் கீரை நீட்டும் கை எந்தச் சமயத்தது என்று அவை விசாரிப்பதேயில்லை.

சுங்கை சிப்புட் வாசகர்: விசாகத்துக்கு ஒரே நாள்தானே விடுமுறை! பௌர்ணமிதோறும் கிடைக்க வழியுண்டா?

இலங்கைக்குப் போங்கள், அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. 1966இல் ஒரு படி மேலேறி, ஞாயிற்றுக்கிழமையையே ஒதுக்கிவிட்டு, நிலவின் நான்கு கலைகளை வார விடுமுறையாக்கியதில், வாரம் சிலவேளை எட்டு நாளாக நீண்டு, அயல்நாட்டு வர்த்தகத்தோடு ஒட்டாமற்போகவே, சில ஆண்டுகளில் ஞாயிறே மீண்டது. நம் பேராக் பால்மரத் தோட்டங்களிலோ விடுமுறை அளித்தது சந்திரனுமன்று, சூரியனுமன்று, விடியற்கால மழை! மரம் நனைந்தால் சீவ இயலாது. அன்றைய கூலியும் அதனோடு கரைந்தது.