இயல்பா இருங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாசலில் கார் ஹாரன். அண்ணன்தான். கழுத்தில் கேமரா, முதுகில் மூட்டை, கையில் முக்காலி. "கிளம்புங்க லா, வெளிச்சம் போயிடும்!" பினாங்கில் ஆறரைக்கு இன்னும் இருட்டு. வராத வெளிச்சம் எப்படிப் போகும் என்று கேட்கக்கூடாது.

மீன்கொத்தி, எறும்பு, பால்வீதி (அன்று ராத்திரி முழுக்க மழை) என்று மாதம் ஒன்றாகத் தாவிக்கொண்டிருந்தவர், சில வருஷத்துக்கு முன் மனிதர்களிடம் வந்து சேர்ந்தார். அங்கேயே தங்கிவிட்டார்.

மனிதர்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: இயல்பாக இருக்க வேண்டும்.

லெபோ பாசாரில் டீ மாஸ்டரிடம் ஆரம்பித்தார். "அண்ணே, நான் இங்க இல்லவே இல்ல. நீங்க பாட்டுக்கு ஆத்துங்க." மாஸ்டர் ஆற்றினார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி, இயல்பா." திரும்பினார். "கை இன்னும் மேல. சிரிக்காதீங்க. சரி, லேசா சிரிங்க, இயல்பா." ஏழாவது தடவை ஆற்றி முடித்தபோது மாஸ்டருக்குத் தோள் இறங்கிவிட்டது. அது நான் காசு கொடுத்த தே தாரிக். நுரை நன்றாக இருந்தது, சூடுதான் இல்லை.

அடுத்து சியூ ஜெட்டி. கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகள். ஒரு சீனப் பாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் குனிந்து, "பியாசா, பியாசா" என்று அதே 'இயல்பா'வை மலாயில் கெஞ்சினார். பாட்டி துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதைவிட இயல்பான காரியம் எதுவும் அன்று நடக்கவில்லை. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்ததிலிருந்து எத்தனை கேமராவை அந்தத் திண்ணை பார்த்திருக்கும்!

ஆர்மீனியன் தெருச் சுவரில் 2012-இலிருந்து சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகள் மட்டும்தான் அண்ணன் சொன்னபடி கேட்கிறார்கள். எர்னெஸ்ட் சகாரெவிச் வரைந்துவிட்டுப் போன பிள்ளைகள்.

மத்தியானம் நாசி கண்டார் அண்ணன் செலவு. மீன் தலைக் கறி, கூடவே வெண்டைக்காய், கணக்குப் பார்க்கவே மாட்டார். அதனால்தான் அடுத்த ஞாயிறும் ஏறி உட்காருகிறோம்.

ஆனால் படங்கள் எங்கே? என் மகளின் காதுகுத்துக்கு எடுத்தது மூன்று வருஷமாக "எடிட்டிங்ல இருக்கு." மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகிறது. தாத்தா பாட்டிக்குக் காட்ட எங்களிடம் ஒரு படம் இல்லை. இது வேடிக்கை இல்லை.

போன தைப்பூசத்தில், 1894-இலிருந்து ஓடும் வெள்ளி ரதத்துக்குத் தேங்காய் உடைத்தவரிடம் போய், "இன்னொரு தரம் உடைங்க, இயல்பா" என்றார். உடைத்த தேங்காயை அவர் எங்கே போய் ஒட்டுவார்?

மறுநாள் தண்ணீர்மலை. என் மனைவி பால்குடம். 513 படியில் ஐந்நூறைத் தாண்டியிருந்தாள். மேலே நின்ற அண்ணன் கத்தினார்: "தங்கச்சி, ஒரு பத்துப் படி இறங்கி மறுபடி ஏறி வாம்மா, இயல்பா!"

அவள் வாயில் வேல். பேச முடியாது. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு இயல்பான முகத்தை நானே பார்த்ததில்லை.

அண்ணன் அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்.